பெயர் கேட்கும் பாட்டு

ஒரு பாட்டு மக்களின் நாவில் ஏறிவிட்ட பிறகு அதை ஆக்கியவர் யார் என்று ஆராய்வது வீண்வேலை என்று கருதுவோர் பலர். ஆற்றில் நீர் முகப்பவர் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போவதில்லை என்று அவர்கள் உவமையும் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊற்றைத் தேடிப் போகிறவர், அந்நீர் யாருடைய நிலத்தின் வழியாக வந்தது, வழியில் யாருடைய குடத்துக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதையும் சேர்த்தே அறிந்து திரும்புகிறார். அண்மை ஆண்டுகளில் தமிழில் பெரும்புகழ் பெற்ற ஒரு பாட்டைச் சுற்றி எழுந்த வழக்கு, இந்தக் கேள்வியை நம் முன் மீண்டும் வைத்திருக்கிறது.

‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் அப்பாட்டு 2021 மார்ச் 7ஆம் நாள் வெளியாயிற்று. பாடியவர்கள் தீயும் அறிவும்; இசையமைப்பாளராக அறிவிக்கப்பட்டவர் சந்தோஷ் நாராயணன்; சொற்களுக்கு உரியவராக அறிவின் பெயர் இடம்பெற்றது. திரைப்படம் எதையும் சாராமல் தனித்து நின்ற அப்பாட்டு, சில திங்களுக்குள் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. ஊர்ப் பொங்கல் விழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அது யாருடைய பாட்டு என்ற கேள்வி அதன் பின்னரே எழுந்தது. இக்கேள்விக்கு விடை காண முயலுமுன், இதையொத்த ஒரு வழக்கை அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் வேறொரு நாட்டைப் பார்த்துவருவது பயன் தரும்.

இத்தாலியின் பழைய வழக்கு

‘பெல்லா சாவ்’ என்ற இத்தாலியப் பாட்டை அறியாத நாடு இன்று இல்லை எனலாம். அழகியிடம் விடைபெற்றுச் செல்லும் ஒருவன், தான் இறந்தால் மலைமேல் பூவின் நிழலில் தன்னைப் புதைக்குமாறு கேட்பதே அதன் பொருள். பாசிச ஆட்சியையும் நாசிப் படைகளையும் எதிர்த்து 1943 முதல் 1945 வரை போராடிய இத்தாலிய விடுதலைக் குழுவினரின் பாட்டாக உலகம் அதை அறிந்திருக்கிறது. 2017இல் வெளிவந்த ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அதைப் புதிய தலைமுறையின் செவிக்குக் கொண்டுசென்றது. 2020இன் இறுதியில் தில்லி எல்லையில் உழவர்கள் போராடியபோது, அம்மெட்டில் பஞ்சாபிப் பாட்டொன்றும் பிறந்தது.

ஆனால் அக்குழுவினர் மலைகளில் அதைப் பரவலாகப் பாடினார்களா என்பதிலேயே ஐயம் உண்டு. அவர்களிடையே மிகுதியாக வழங்கியது ‘காற்று சீறுகிறது’ எனத் தொடங்கும் வேறொரு பாட்டு. அதற்குச் சொற்களைத் தந்தவர் பெலிச்சே காஷோனே என்ற இளம் மருத்துவர். மெட்டு ‘கத்யூஷா’ என்ற ருஷ்யப் பாட்டினுடையது. பொதுவுடைமையின் நிறம் அதில் வெளிப்படையாகத் தெரிந்தது. ‘பெல்லா சாவ்’ பாட்டிலோ எக்கட்சியின் பெயரும் இல்லை. ஆகவே போர் முடிந்தபின், போராட்டத்தில் ஈடுபட்ட கத்தோலிக்கரும் பொதுவுடைமையரும் தாராளக் கொள்கையினரும் கூச்சமின்றிச் சேர்ந்து பாட அது இடந்தந்தது. 1947இல் பிராகு நகரில் நடந்த உலக இளைஞர் விழா வழியாக அது பிற நாடுகளுக்கும் சென்றது. பழைய போராட்டத்தின் முதன்மைப் பாட்டு என்ற நிலை, போராட்டம் முடிந்த பிறகே அதற்கு வாய்த்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

அதற்கும் முந்திய ஊற்றைத் தேடியவர்களின் கதை இன்னும் சுவையானது. 1962இல் ஜொவான்னா தாஃபினி என்ற பாடகி, வட இத்தாலியின் நெல்வயல்களில் களை பறித்த பெண்களின் பாட்டாக அதே மெட்டில் வேறு சொற்களைப் பாடிப் பதிவு செய்தார். முழங்கால் நீரில் நாள் முழுவதும் குனிந்து நின்ற அப்பெண்களின் புலம்பலே விடுதலைப் பாட்டாக மாறியது என்று எல்லாரும் மகிழ்ந்தனர். 1964இல் ஸ்பொலேத்தோ நகர விழாவில் அரங்கேறிய நிகழ்ச்சி, வயற்பாட்டையும் போராட்டப் பாட்டையும் இணைத்து அந்த வரலாற்றைக் கண்முன் நிறுத்தியது. மறு ஆண்டே வாஸ்கோ ஸ்கன்சானி என்பவர் ‘லூனித்தா’ நாளிதழுக்குக் கடிதம் எழுதி, வயற்பாட்டின் சொற்களை 1951இல் தாமே எழுதியதாகத் தெரிவித்தார். தாய் என்று நம்பப்பட்டது மகளாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

வேறு தடங்களும் உண்டு. கொஸ்தாந்தீனோ நிக்ரா 1888இல் வெளியிட்ட பியெமோந்தே நாட்டுப்பாடல் தொகுதியில் உள்ள ‘கல்லறைப் பூ’ என்னும் காதற்கதைப் பாட்டு, இன்றைய சொற்களின் முன்னோடி என்பர். சிறுவர் கைதட்டி விளையாடும் பாட்டொன்றின் தாளமும் இதில் கேட்கிறது. நியூயார்க்கில் 1919இல் மிஷ்கா சிகனோஃப் பதிவு செய்த இசைத்தட்டு ஒன்றின் தொடக்கம் இம்மெட்டைப் போன்றிருப்பதை 2006இல் ஒருவர் எடுத்துக்காட்டினார். சில சுரங்களின் ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாட முடியாது என்று மற்றவர்கள் மறுத்தனர்.

இவ்வழக்கிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. நாட்டார் பாட்டு என்று நாம் அழைப்பது, பெரும்பாலும் பெயரறியாத பலர் ஆக்கியதும் பெயருள்ள சிலர் திருத்தியதும் பின்வந்தோர் விரும்பிய கதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படிவம். களைபறித்த பெண்களே முதலில் பாடினர் என்ற கதை அவ்வளவு விரைவில் நம்பப்பட்டதற்குக் காரணம், அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் ஏங்கியதே. இந்த எச்சரிக்கையோடு நம் பாட்டுக்குத் திரும்புவோம்.

பாட்டினுள் இருப்பவை

விவிலிய ஆய்வில் எமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி ஒன்று இங்கே துணை செய்கிறது. எர்மன் குங்கெல் என்ற செருமானிய அறிஞர், திருப்பாடல்களை அணுகும்போது, இதை எழுதியவர் யார் என்ற கேள்விக்கு முன்னதாக, இது எந்த வாழ்வுச் சூழலில் பாடப்பட்டது என்று கேட்க வேண்டும் என்றார். அரியணை ஏறும் விழாவிலா, நோயுற்றவனின் படுக்கையிலா, நாடு இழந்தவர் கூடிய ஆற்றங்கரையிலா? ‘தாவீதின் பாடல்’ என்று தலைப்பிடப்பட்டவை யாவும் தாவீது அரசர் இயற்றியவை அல்ல என்பதை இன்று குருமட மாணவரும் அறிவர். பாடலின் வடிவமே அது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை இந்நெறியில் நோக்கினால், அதில் இரண்டு இடங்கள் தெரிகின்றன. முதற்பகுதி ஓர் அழைப்பு. குயிலின் குரலை ஒத்த ஒலியோடு சுற்றத்தார் விளிக்கப்படுகின்றனர். காடும் வயலும் உயிரினங்களும் மனிதரோடு சமமாக வரிசையில் நிற்கின்றன. முன்னோர் விட்டுச்சென்ற மண் எல்லார்க்கும் பொது என்ற மகிழ்ச்சி பொங்குகிறது. இது களத்துமேட்டிலும் திருவிழாத் திடலிலும் ஒலிக்கும் குரல். பிற்பகுதியில் குரல் தழுதழுக்கிறது. தன் கையால் வளர்த்த தோட்டத்தின் செழிப்பு தனக்கு எட்டாமற்போன ஒருவரின் முறையீடு எழுகிறது. இது சாவு வீட்டின் குரல், வடிவத்தால் ஒப்பாரி. விழாவில் தொடங்கி இழவில் சென்று நிற்பதே இப்பாட்டின் அமைப்பு. முதற்பகுதி எல்லார்க்கும் பொது என்று கூறிய மண்ணை, பிற்பகுதி யார் உழுதார், யார் உண்டார் என்று கணக்குக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கே பாட்டு முழுமையாகக் கிடைக்கும்.

தலைப்புச் சொல்லிலேயே இந்த இரட்டைத்தன்மை உள்ளது. ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம். நிலமுடையவர் முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர் வாயில் வந்ததும் இச்சொல்தான். பேரப்பிள்ளையை மடியில் வாரியெடுக்கும் பாட்டியின் வாயில் வருவதும் இச்சொல்தான். அடிமைத்தனமும் கனிவும் ஒரே விளியில் உறைந்திருக்கும் இத்தகைய சொற்கள் நம் மொழியில் பல. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, குனிந்து நின்றவரின் விளியைக் குழந்தையைக் கொஞ்சுபவரின் விளியாக மாற்றிவைத்ததை இப்பாட்டின் மிகச் சிறந்த இலக்கியச் செயல் என்று கருதுகிறோம். அதனருகே ஓர் ஆங்கிலச் சொல்லின் எதிரொலியை நிறுத்தியதைச் சிலர் குறைகூறினர். எதுகைக்காகத் தொடுத்தாலும், ‘மகிழ்ந்திரு’ என்று பாட்டி பேரனை வாழ்த்துவதாகவே அது கேட்கிறது. அவள் மகிழ்ந்திருந்தாளா என்ற கேள்வி உடனே பின்தொடர்வதால் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

குறை வேறிடத்தில் உண்டு. இசையின் துள்ளலும் காட்சிப்படத்தின் வண்ணமும் முதற்பகுதிக்கே மிகுதியான வலிமையைத் தருகின்றன. ஒப்பாரி வரும்போது கேட்பவரின் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டு விழா மேடைகளில் ஒப்பாரிப் பகுதியை வெட்டிவிட்டு மற்றதை ஒலிபரப்பும் வழக்கம் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டம் எது?

அந்தத் தோட்டம் வெறும் உருவகம் அன்று. தம் பாட்டி இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர் என்றும், அவரிடம் கேட்ட கதைகளிலிருந்தே இப்பாட்டு பிறந்தது என்றும் அறிவு கூறியிருக்கிறார். இவ்வரலாறு பிள்ளையார்பட்டி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தொலைவானது அன்று. நகரத்தாரின் ஒன்பது கோவில்களுள் ஒன்று இவ்வூரில் உள்ளது. இவ்வட்டாரத்தின் முதலீடு கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றது. கொழும்பில் செட்டியார் தெரு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பர்மாத் தேக்கில் எழுந்த மாளிகைகள் அச்செல்வத்தின் சான்றாக நிற்கின்றன.

அதே கடலை வேறொரு கூட்டமும் கடந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்ற கூலித் தொழிலாளர் அவர்கள். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869க்குப் பின் இலைநோய் காப்பியை அழித்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கும் அவர்கள் உழைத்தனர். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகக் காத்திருந்து, தலைமன்னாரில் இறங்கி, மலையேறினர். நகரத்தார் தம் பயணத்தையும் வரவு செலவையும் பேரேடுகளில் எழுதிவைத்தனர். தொழிலாளரின் பெயர் எழுத்தில் ஏறிய இடம் பெரும்பாலும் கங்காணியின் கடன் கணக்கே. கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல இயலாத முறை 1921 வரை இருந்தது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று அவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டு இந்தக் கணக்குப் போடப்படவில்லை. திரும்பியவர்கள் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் சமவெளி ஊர்களிலும் சிதறினர். அவர்கள் கையோடு கொண்டுவந்தவற்றுள் பாட்டும் ஒன்று. அம்மக்களின் பாடல்களை மலையகத்திலேயே தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை, அத்தொகுப்பு இல்லாவிடில் அவற்றுள் பல நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

வழக்கின் இரு தரப்பு

இனி வழக்குக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு இப்பாட்டின் வெற்றியைக் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில் தீயும் வேறொரு கலைஞரும் இருந்தனர், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதைக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தையும் மின்னிதழ் அட்டையாக வெளியிட்டது. 2022 ஜூலை 28இல் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் போட்டியின் தொடக்க விழாவில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை.

அதன்பின் அறிவு வெளியிட்ட அறிக்கையில், பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தாமே என்றும், மெட்டையோ ஒரு சொல்லையோ தமக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை என்றும், அது கூட்டு முயற்சி என்பதை ஏற்கும்போதும் தோட்டங்களில் நிலமின்றி உழைத்த தம் முன்னோரின் வரலாறு அதில் இல்லாமற்போகாது என்றும் கூறினார். சந்தோஷ் நாராயணன் தம் பதிலில், இயற்கையையும் வேர்களையும் போற்றும் ஒரு பாட்டுக்கான எண்ணத்தை 2020 டிசம்பரில் தீ தந்தார் என்றும், தாமே இசையமைத்து ஒலிப்பதிவு செய்து உடன்பாடியதாகவும், தீயும் தம் பகுதியின் மெட்டில் பங்காற்றினார் என்றும், உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமம் என்றும் தெரிவித்தார். 2024 மார்ச்சில், பாட்டை வெளியிட்ட அமைப்பிடமிருந்து அதுவரை வருவாய் எதுவும் வரவில்லை என்றும் அவர் பொதுவில் அறிவித்தார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது நம் பணி அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததற்கு நாம் சாட்சிகளும் அல்லர். திறனாய்வாளர் செய்யக்கூடியது வேறொன்று. இரு தரப்பாரும் இரு வேறு பிறப்புக் கதைகளைக் கூறுகின்றனர் என்பதை நோக்க வேண்டும். ஒன்று, இயற்கையைப் போற்றப் பிறந்த பாட்டு என்கிறது. மற்றொன்று, நிலமற்ற பாட்டியின் வரலாற்றிலிருந்து பிறந்த பாட்டு என்கிறது. இவை இரண்டும் நாம் பாட்டினுள்ளேயே கண்ட அழைப்பும் ஒப்பாரியும் ஆகும். ஆகவே வழக்கு வெளியிலிருந்து பாட்டின்மேல் வந்து ஏறியதன்று. பாட்டை வெறும் இயற்கைப் பாட்டாகக் கேட்டால், குயிலும் மரமும் யாவர்க்கும் உரியவை; பாட்டும் யாவர்க்கும் உரியதாகி, யார் மேடையில் நின்றாலும் ஒன்றே என்றாகிவிடும். ஒப்பாரியையும் காதில் வாங்கியவருக்கு, மேடையில் யார் இல்லை என்பதே முதற்கேள்வியாகும். வேறொருவர் வளர்த்த தோட்டத்தில் நின்றுகொண்டு வளர்த்தவர் எங்கே என்று கேட்கும் பாட்டு, அக்கேள்வியைத் தன்னைப் பாடும் மேடையிலும் எழுப்பாமல் இராது.

துயர் யாருடையது, ஆக்கம் யாருடையது?

‘இது மக்கள் பாட்டு, இதற்கு உரிமை கொண்டாடுவது சிறுமை’ என்று வழக்கின்போது பலர் எழுதினர். கேட்பதற்குப் பெருந்தன்மையான கூற்று. ஆனால் பாட்டின் தோற்றம் என்ற சொல்லுக்குள் இரு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. இத்துயர் யாருடையது என்பது ஒன்று. இதைப் பாட்டாக ஆக்கியவர் யார் என்பது மற்றொன்று. துயர் பலருடையதாக இருக்கலாம். தலைமுறைகளின் வழியே வந்திருக்கலாம். அதனால் ஆக்கியவர் இல்லை என்றாகாது. ஒப்பாரி பாடும் பெண்ணைக் கவனித்தவர் இதை அறிவர். மரபு அவளுக்குத் தரும் உவமைகள் பொதுவானவை. அவற்றுள் எதை எடுப்பது, இறந்தவரின் வாழ்வில் எந்த நிகழ்ச்சியை அதில் கோப்பது, எவ்விடத்தில் அண்ணன் வீட்டாரைக் குத்திக்காட்டுவது என்பதெல்லாம் அவள் அந்நேரத்தில் செய்யும் ஆக்கம். அடுத்த சாவுக்கு அவள் வேறு பாட்டுப் பாடுவாள். அவளை நாம் கவிஞர் என்று அழைத்ததில்லை. ‘அந்த ஊரில் ஒரு கிழவி நன்றாக ஒப்பாரி வைப்பாள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் இலக்கிய மரபு எப்போதும் இவ்வாறு இருந்ததன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் கையில் பாடல் இருந்தது. சிலவற்றுக்குப் பாடியவர் பெயர் இல்லை. பெயரற்றது என்று விட்டுவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை. பாடலிலிருந்த அழகிய தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நாம் வழங்கும் பெயர்கள் இத்தகையன. ஒரு பாடலைப் பாடியவருக்குப் பெயர் இருந்தே தீர வேண்டும் என்ற அறவுணர்வு அதில் உண்டு. ‘ஆர்’ என்ற மதிப்பு விகுதியையும் சேர்க்க அவர்கள் மறக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நாட்டார் பாடல்களைத் தொகுத்த பெருமக்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’, பெர்சி மாக்வீன் திரட்டிக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’, நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ ஆகியவை இல்லாமல் இத்துறை இல்லை. ஆயினும் அக்காலத் தொகுதிகள் பலவற்றில் தொகுத்தவர் பெயரைக் காண்பது போலப் பாடிய பெண்ணின் பெயரை நாம் காண்பதில்லை. நாட்டார் பாட்டு பெயரற்றது என்று பாடநூல்கள் இலக்கணம் வகுக்கின்றன. பெயரின்மை அப்பாட்டின் இயல்பு அன்று என்றே நாம் கருதுகிறோம். எழுதுகோலைப் பிடித்திருந்தவர் கேட்க மறந்ததன் விளைவு அது.

சட்டமும் இங்கே ஓரளவே துணை செய்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்லுக்கு உரியவரையும் இசைக்கு உரியவரையும் தனித்தனி ஆக்குநராக ஏற்கிறது. பாடுவோர்க்கும் தயாரிப்போர்க்கும் தனி உரிமை உண்டு. 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் பங்கு பெறும் உரிமையை உறுதிசெய்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒப்பாரியைப் பேரனின் காதில் போட்டுவைத்த பாட்டிக்கு அச்சட்டத்தில் ஓர் இடமில்லை. அந்த இடத்தைச் சட்டம் தரமுடியாது. வாசகரும் கேட்போரும் திறனாய்வாளருமே தரமுடியும்.

இதற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். ‘பெல்லா சாவ்’ யாருடையது என்று தெரியாததனால்தானே உலகம் முழுவதும் பாட முடிந்தது? அதற்கு உரிமையாளர் ஒருவர் இருந்திருந்தால் தில்லி எல்லையில் உழவர் பாடியிருப்பாரா? நேர்மையான கேள்வி இது. பாடுவதற்குத் தடை கூடாது என்பதே நம் கருத்தும். ஒரு பாட்டைத் தன்னுடையது என்று பூட்டிவைப்பதும், அதை ஆக்கியவர் பெயரைச் சொல்லிப் பாடுவதும் வேறு வேறு. ஸ்கன்சானி 1965இல் கடிதம் எழுதியபின் அந்த வயற்பாட்டைப் பாடுவதை யாரும் நிறுத்திவிடவில்லை. களைபறித்த பெண்களின் உழைப்பும் பொய்யாகிவிடவில்லை. வரலாறு மட்டும் சற்றுத் துல்லியமாயிற்று. பாட்டுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

மறுபுறம், தனியொருவரின் உரிமைக் குரலும் முழு உண்மையாகிவிடாது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டில் ஒலிக்கும் ஒப்பாரியின் பண்ணும் உவமையும் இலங்கை மலையகத்திலும் ஆர்க்காட்டுச் சீமையிலும் நம் சிவகங்கைச் சீமையிலும் எண்ணற்ற பெண்கள் அழுதழுது பதப்படுத்தியவை. அறிவின் அறிக்கையே முன்னோரை முன்னிறுத்தியது என்பதை நாம் மறக்கலாகாது. தம் பெயரைக் கேட்டவர் தம் பாட்டியின் வரலாற்றையும் சேர்த்தே கேட்டார். அக்கோரிக்கையின் நியாயத்துக்கு அதுவே அளவுகோல். பெயரைக் கேட்பவர் தமக்கு முன்னிருந்தோரின் பெயரையும் கேட்கிறாரா, அல்லது அவர்களை மறைத்துத் தம் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறாரா என்று நாம் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டியர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். அவர்கள் இடத்தை ஒலிபெருக்கியோடு கூலிக்கு வரும் குழுவினர் பிடித்துவருகின்றனர். கல்லூரி செல்லும் நம் இளைஞர் பலரிடம் இன்று கைப்பேசி இருக்கிறது; ஒலிப்பதிவு செய்வது எளிது. அவர்களுள் ஆர்வமுள்ளோர் தத்தம் ஊரின் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்யட்டும். பாடுகிறவரின் இசைவை முதலில் கேட்கட்டும். சாவின் துயரம் ஆறுவதற்குள் அவர்முன் கருவியை நீட்டாமல் இருக்கட்டும். பதிவு செய்தபின் ஏட்டில் நான்கு செய்திகளை எழுதிவைக்கட்டும்: பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், அப்பாட்டை அவர் யாரிடம் கேட்டார், பாடிய நாள். மூன்றாவது செய்தியை யாரும் விட்டுவிட வேண்டா. பெரும்பாலும் அங்கே ஒரு தாயின் பெயரோ பாட்டியின் பெயரோ வரும்.